முத்திரைக் கொப்பியோடு ஜப்பான் போகிறவர்களுக்கு

வாசகர் கேள்வி – பதில்

ஜப்பானில் படிப்புக்கும் வேலைக்கும் போயிருக்கும் பிள்ளைகளின் வீட்டாரிடமிருந்தும், போக ஆயத்தமாகிறவர்களிடமிருந்தும் அங்குள்ள கோயில் முத்திரைகள் பற்றிக் கேள்விகள் வந்திருந்தன. திருகோணமலையின் நாலு பக்கத்திலிருந்தும் வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து விடை தந்திருக்கிறோம்.

மகள் ஒசாகாவில் படிக்கிறா. கோயில் கோயிலாகப் போய் ஒரு கொப்பியில் சிவப்பு முத்திரை வாங்கிச் சேர்க்கிறா. இது தபால் முத்திரை சேர்ப்பது போன்ற பொழுதுபோக்கா? – உவர்மலை வாசகி

அர்ச்சனைக்குக் காசு கட்டினால் நம் கோயிலில் ஒரு பற்றுச்சீட்டுத் தருவார்களே, அதுதான் இதற்குக் கிட்டிய உறவு. பெயர் கோஷுயின். ‘ஷுயின்’ என்றால் சிவப்பு முத்திரை. முன்னால் வரும் ‘கோ’, நாம் ‘திரு’ போடுவது மாதிரியான மரியாதை ஒட்டு. பௌத்த சூத்திரத்தைக் கையால் பிரதி எடுத்துக் கோயிலில் ஒப்படைத்த யாத்திரிகருக்கு, பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கொடுத்த அத்தாட்சியிலிருந்து இது வந்தது என்பார்கள். யாத்திரைக் கோயில்களில் முத்திரை தரும் இடத்தை இன்றும் நோக்யோஷோ என்றுதான் சொல்வார்கள். ‘சூத்திரம் ஒப்படைக்கும் இடம்’ என்று பொருள். இப்போது சூத்திரம் எழுதிக் கொண்டுபோகாதவரும் வாங்கலாம். கும்பிடாமல் வாங்கினால், அர்ச்சனை செய்யாமல் சிட்டையை மட்டும் கிழித்துக்கொண்டு வந்த கதைதான்.

மகள் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பினால் இப்படி வாசித்துப் பாருங்கள். பௌத்த கோயில் பக்கமென்றால் வலப்புறம் மேலே ‘ஹோஹாய்’ என்று இருக்கும். பணிந்து வணங்கினேன் என்பது அதன் கருத்து. அதன் கீழே திகதி. நடுவில் தூரிகையால் பெரிதாக எழுதியிருப்பது மூலமூர்த்தியின் அல்லது மண்டபத்தின் பெயர். இடப்புறம் கோயிலின் பெயரும் அதன் மேல் கோயில் முத்திரையும். ஜப்பானின் சொந்த மரபான ஷிந்தோவின் கோயில் பக்கம் பெரும்பாலும் இதைவிட எளிமையானது. திகதியில் வருவது, இப்போதைய பேரரசரின் காலத்தைக் கொண்டு எண்ணும் ரெய்வா ஆண்டு. 2019தான் ரெய்வா 1. கிறிஸ்து ஆண்டிலிருந்து 2018ஐக் கழித்தால் கணக்குச் சரி.

நடு முத்திரைக்குள் வளைந்த ஒற்றை எழுத்து ஒன்று தெரிந்தால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அது சித்தம் எனும் இந்திய எழுத்தில் பொறித்த பீஜாட்சரம். அமிதா புத்தருக்கும் ஆயிரம் கைக் கன்னோனுக்கும் (அவலோகிதேஸ்வரர்) ‘ஹ்ரீஃ’, காவல் மூர்த்தியான ஃபுதோவுக்கு ‘ஹாம்’. சித்தமும் தமிழும் பிராமியிலிருந்து பிரிந்த எழுத்துகள். ஒசாகாக் கோயில் முத்திரைக்குள் நம் எழுத்தின் ஒன்றுவிட்ட சகோதரம் இருக்கிறது.

போனவுடன் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு காசு, என்ன சொல்லிக் கேட்பது? ஒழுங்காகச் சொல்லுங்கள். – சாம்பல்தீவிலிருந்து, அடுத்த மாதம் புறப்படுபவர்

ஷிந்தோ கோயிலுக்கு ஜிஞ்ஜா என்றும், பௌத்த கோயிலுக்கு தெரா என்றும் பெயர். இரண்டிலும் கும்பிடும் முறை வேறு.

ஜிஞ்ஜாவின் தோரி வாசலில் ஒருமுறை தலை குனிந்து, பாதையின் ஓரமாக நடவுங்கள், நடுப்பாதை தெய்வத்துக்கு. தண்ணீர்த் தொட்டியில் அகப்பையை வலக்கையில் எடுத்து இடக்கையைக் கழுவி, மாற்றிப் பிடித்து வலக்கையைக் கழுவி, இடக்கைக் குழியில் நீர் ஏந்தி வாய் கொப்பளித்து, மறுபடி இடக்கையைக் கழுவுங்கள். மிஞ்சிய நீர் பிடியில் வழிய அகப்பையை நிமிர்த்திவிட்டு வைக்கவும். இத்தனையும் ஒரே அகப்பைத் தண்ணீரில் முடிய வேண்டும். அகப்பையில் நேரே வாய் வைக்காதீர்கள், கொப்பளித்ததைத் தொட்டிக்குள் துப்பாதீர்கள். கோயில் கேணியில் கால் கழுவிப் பழகியவர்கள் இந்த இடத்தில்தான் பிழை விடுவது. பிறகு காணிக்கைப் பெட்டியில் நாணயம் போட்டு, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, ஒருமுறை குனியுங்கள். இசுமோ தாய்ஷா எனும் ஜிஞ்ஜாவில் நான்கு முறை தட்டுவார்கள். பௌத்த கோயிலில் கைதட்டவே கூடாது, கைகூப்பினால் போதும். இதில் நமக்குச் சொல்லித்தர எதுவுமில்லை.

கும்பிட்ட பிறகே முத்திரை ஜன்னல். விதிவிலக்கு ஒன்று: கூட்டம் கூடிய சில கோயில்கள் வாசலிலேயே கொப்பியை வாங்கி எண் அட்டை தந்து, நீங்கள் கும்பிட்டு வருவதற்குள் எழுதி வைத்திருக்கும். அறிவிப்புப் பலகை அப்படிச் சொன்னால் அப்படியே செய்யுங்கள்.

ஜன்னலுக்குப் போகுமுன், கொப்பியின் பிளாஸ்ரிக் உறையைக் கழற்றி, உள்ளே செருகிய ரிக்கெற், துண்டுக் கடதாசி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எழுத வேண்டிய வெற்றுப் பக்கத்தைத் திறந்து இரு கைகளாலும் கொடுங்கள். மூடிக் கொடுத்தால் எழுதுகிறவர் பக்கம் தேட வேண்டும். இடையில் ஒன்றைத் தவறவிட்டு எழுதினால் பிறகு வரிசை குழம்பும். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: ‘கோஷுயின் ஒ ஒனெகாய் ஷிமாஸ்’. திருப்பித் தரும்போது ‘அரிகாத்தோ கோசாய்மாஸ்’.

காசு நெடுங்காலம் 300 யென்னாக இருந்தது. இப்போது 500 பரவலாகி வருகிறது. வண்ணப் படமோ கத்தரித்த தாள் வேலையோ உள்ள விசேட முத்திரைக்கு 1000மும் அதற்கு மேலும் கேட்பார்கள். நூறு யென், ஐந்நூறு யென் நாணயமாகக் கையில் வைத்திருங்கள். 10,000 யென் தாளை நீட்டி மாற்றுக் கேட்பது அங்கே முகம் சுளிக்க வைக்கும். முத்திரைக்குக் கொடுக்கும் காசை விலை என்று சொல்வதுமில்லை. ஜிஞ்ஜாவில் ஹட்சுஹோர்யோ என்பார்கள். முதற்கதிரைத் தெய்வத்துக்குப் படைப்பதற்குப் பதிலான காசு என்று விரியும். புதிர் எடுக்கிற ஊரவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ‘உங்கள் மனம் போல’ என்று ஒரு கோயில் சொன்னாலும் 300க்குக் குறையாமல், 500 கொடுப்பது அழகு.

எழுதும்போது கதைக்கக் கூடாது. எழுதுகிறவரின் கையையோ முகத்தையோ கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. ‘இந்த எழுத்தைப் பெரிதாக, அந்த மூலையில்’ என்று சொல்லவே கூடாது. கடைசியாக, வாங்கியது உங்கள் கொப்பிதானா என்று ஜன்னலிலேயே பாருங்கள். ஒரே கடையில் வாங்கிய கொப்பிகள் ஒன்று போலவே இருப்பதால் மாறிப் போவது உண்டு. பின்னட்டையில் பெயர் எழுதி வைப்பது அதற்காகத்தான்.

பெரும்பாலான ஜன்னல்கள் காலை 9 மணிக்குத் திறந்து மாலை 4 அல்லது 5க்கு மூடுகின்றன. பூட்டுகிற நேரத்தில் ஓடிப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். சிறு கோயில்களில் பூசகர் ஒருவரேதான் எல்லாவற்றையும் பார்ப்பார். அவர் வெளியே போயிருந்தால் அன்றைக்கு முத்திரை இல்லை.

நல்ல தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்றை இங்கிருந்தே கொண்டுபோனால் என்ன? – பாலையூற்று மாணவன்

வேண்டாம், தம்பி. பெரும்பாலும் திருப்பித் தந்துவிடுவார்கள். எழுதுவது தூரிகையும் கரிமையும். நம் கொப்பித் தாளில் அது மறுபக்கத்துக்கு ஊறி, அடுத்த தாளையும் கறையாக்கும். கோஷுயின்சோ எனும் அதற்கான கொப்பி, வாஷி எனும் தடித்த ஜப்பானியத் தாளை இரட்டையாக மடித்து விசிறி போல நீளமாக விரியும்படி செய்தது. சாதாரண அளவு 11க்கு 16 சென்ரிமீற்றர், பெரிய அளவு 12க்கு 18. பெரியதை வாங்குங்கள், தாளில் எழுதித் தரும் முத்திரைகள் சிறியதில் அடங்காமல் போகும். பெரிய கோயில்களின் ஜன்னலிலேயே கிடைக்கும், அநேகமாக 1000 முதல் 2500 யென் வரை.

அது ஜப்பான் புத்தகம் போல வலப்பக்கத்திலிருந்து திறக்கும். நாம் பழக்கத்தில் இடப்பக்கம் திறந்து நீட்டினால் கடைசிப் பக்கத்தில் முதல் முத்திரை விழும். முதல் பக்கத்தை, ஷிந்தோவின் தலையாய கோயிலான இசே ஜிங்கூவுக்கென்று விட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள், கட்டாயமில்லை. இசேயின் முத்திரை வெறும் முத்திரையும் திகதியும்தான். அலங்காரம் எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார். எங்களுக்கு அதுதான் பிடிக்கும்.

ஒரு கொப்பியில் இரண்டு வகைக் கோயிலும் கலக்கலாமா? – திருக்கடலூர்

பெரும்பாலான இடங்களில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கலந்த கொப்பியில் எழுத மறுக்கும் கோயில்கள் சில உண்டு. மறுத்தால் விவாதிக்க இடமில்லை. இரண்டு கொப்பி வைத்தால் இந்தச் சிக்கலே வராது.

நிச்சிரேன் எனும் பௌத்த மரபுக் கோயில்களில் கோஷுதாய் என்று வேறொன்று உண்டு. அவர்களுடைய மந்திரமான ‘நமு ம்யோஹோ ரெங்கே க்யோ’வை எழுதுவார்கள். அதற்கெனத் தனிக் கொப்பி கொண்டுபோனால்தான் அது; கலந்த கொப்பி என்றால் ‘ம்யோஹோ’ என்ற இரண்டு எழுத்தோடு நிறுத்துவதுண்டு. ஜோதோ ஷின்ஷு எனும் இன்னொரு பௌத்த மரபில் பொதுவாக முத்திரை தருவதே இல்லை. க்யோத்தோவில் நிஷி ஹொங்கன்ஜி, ஹிகாஷி ஹொங்கன்ஜி இரண்டும் அந்த மரபின் தலைமைக் கோயில்கள். எவ்வளவு பெரிய கோயில், முத்திரை இல்லையா என்று அங்கே கேட்டு நிற்காதீர்கள். அது அவர்களுடைய கொள்கை.

ரயில் நிலையத்தில் மேசையில் கிடக்கும் றப்பர் முத்திரையை இந்தக் கொப்பியில் குத்தாதீர்கள். இலவசமாக நீங்களே குத்தும் அந்த நினைவு முத்திரைக்கு வேறு கொப்பி வையுங்கள். சாமிப் பக்கத்துக்கு எதிரே சுற்றுலாப் படம் இருப்பதைக் கண்டு எழுத மறுத்த கோயில்கள் உண்டு.

அண்ணா கொண்டுவந்த கொப்பியில் சிவப்பு மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டிப் படிந்துவிட்டது. சில முத்திரைகள் தனித் தாளாகவே இருக்கின்றன. எப்படிப் பாதுகாப்பது? – நிலாவெளி

முதலில் மை. கரிமை சீக்கிரம் காயும். சிவப்பு அப்படியல்ல. மரபான முத்திரைப் பசை சாதிலிங்கப் பொடி, ஆமணக்கெண்ணெய், மூலிகை நார் சேர்த்துக் குழைத்தது. எண்ணெய் என்பதால் அது நீர்போல ஆவியாகாது. நாட்கணக்கில் ஈரப்பதமாகவே இருக்கும். அதனால்தான் எழுதியதும் நடுவில் ஒரு மெல்லிய ஒற்றுத்தாளை வைத்துத் தருகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைத் தூக்கிப் போடுவதுதான் பிழை. குறைந்தது சில வாரம் இருக்கட்டும். அண்ணாவின் கொப்பியில் படிந்ததை அழிறப்பரால் தேய்க்காதீர்கள், பரவும். இடையில் தாள் வைத்து விட்டுவிடுங்கள். சாதிலிங்கம் பாதரசக் கலவை. சிறு பிள்ளைகள் விரலால் தேய்த்து வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளவும். வெளிச்சத்தில் அது கறுக்கவும் செய்யும், ஆகவே சட்டம் போட்டு வெயில்படும் சுவரில் மாட்ட வேண்டாம்.

தனித் தாள்களுக்கு ககிஒகி என்று பெயர். எழுதுகிறவர் இல்லாத நாளிலும், கூட்டமான நாளிலும், விசேட வடிவங்களுக்கும் முன்கூட்டியே எழுதி வைத்துத் தருவது. கொப்பியில் நேரே எழுதியதைவிட மாற்றுக் குறைந்ததில்லை. திகதி மட்டும் வெறுமையாக இருந்தால் அங்கேயே கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் பேனையால் எழுதினால் நன்றாயிராது. ஒட்டுவதற்குப் போத்தல் கம் வேண்டாம். அதிலுள்ள நீரில் வாஷித் தாள் சுருங்கி அலையலையாக எழும்பும். குச்சிப் பசையை நான்கு ஓரத்திலும் மெல்லியதாகப் பூசி, நடுவிலிருந்து வெளியே தடவி ஒட்டி, மேலே ஒரு தடித்த புத்தகத்தை ஓர் இரவு வைத்தால் போதும். பக்கத்தைவிடத் தாள் பெரிதாயிருந்தால் வெட்டாதீர்கள். ககிஒகிக்கென்றே உறை வைத்த கோப்புகள் அங்கே விற்கிறார்கள், அதில் செருகலாம்.

இனி நம் ஊர்ப் பிரச்சினை. மாரியில் வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் கடலோர வீட்டுச் சுவரே வியர்க்கும். வாஷித் தாளில் பூஞ்சணம் பழுப்புப் புள்ளியாகத் தொடங்கும்; அதன் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கொப்பியை மாரிக்கு முன் நல்ல காய்ந்த நாளொன்றில் நிழலில் விரித்து ஆறவிட்டு, மூடி இறுகிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பொட்டலத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். ஈரம் குடித்துவிட்டால் மாற்ற வேண்டும். ஈரமாக இருக்கும்போதே பெட்டியில் பூட்டினால் பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. இராமபாணப் பூச்சியும் கறையானும் வாஷியையும் பசையையும் விரும்பித் தின்னும், ஆகவே நிலத்தோடு ஒட்டிய அலுமாரித் தட்டு ஆகாது. லமினேற் பண்ணவே வேண்டாம். சூட்டில் எண்ணெய் மை கசியும், பிறகு தாளைப் பிரிக்கவும் முடியாது.

அங்கே நம் பிள்ளையார் இருக்கிறாராமே? – உப்புவெளி

இருக்கிறார். பெயர் கங்கிதென், அல்லது ஷோதென். தோக்கியோ அசகுசாவில் மட்சுச்சியாமா ஷோதெனும், நாரா மாவட்டத்தில் இக்கோமா ஹோசான்ஜியும் பெயர் பெற்றவை. மட்சுச்சியாமாவில் வெள்ளை முள்ளங்கி படைப்பார்கள். மோதகத்தின் வழிவந்தது என்று சொல்லும், பை போல முடிச்சிட்டு எள்ளெண்ணெயில் பொரித்த இனிப்பு ஒன்றும் இவருக்கு உண்டு. மூர்த்தி மறைவிலேயே இருப்பார்; காட்டச் சொல்லிக் கேட்க வேண்டாம்.

சரஸ்வதி அங்கே பென்சாய்தென். தண்ணீருக்கு நடுவே இருப்பதுதான் அவவுக்குப் பிடித்தம்: எனோஷிமா, சிக்குபுஷிமா, இட்சுகுஷிமா மூன்றும் தீவுகள். தோக்கியோவுக்கு மட்டும் போகிறவர் உவெனோவில் ஷினோபாசு குளத்து நடுவே உள்ள பெந்தெந்தோவில் முத்திரை வாங்கலாம். மகாகாளர் தாய்கொகுதென்னாகிச் சிரித்த முகத்தோடு அரிசி மூட்டை மேல் நிற்கிறார். இந்திரன் தாய்ஷகுதென், தோக்கியோ ஷிபாமதாவில் பெரிய கோயில். ஸ்கந்தனோடு தொடர்புபடுத்தப்படும் இதாதென், சென் எனும் பௌத்த மரபுக் கோயில்களின் மடைப்பள்ளிக் காவலர். கந்தன் அடுக்களையில் நிற்பது முருக பக்தருக்குப் புதினமாயிருக்கும்.

செருப்பு? – பெயர் எழுதாத ஒருவர்

முற்றத்தில் சப்பாத்தோடு நடக்கலாம். மண்டபத்துக்குள், தாதாமிப் பாய் தொடங்கும் இடத்தில் கழற்ற வேண்டும். ஓட்டையில்லாத காலுறை போட்டுப் போங்கள்.

நாங்கள் முஸ்லிம்கள். மகன் நகோயாவில். கூட்டாளிகள் எல்லாரும் இதைச் சேர்க்கிறார்கள், அவனும் ஆசைப்படுகிறான். வாங்கலாமா? – கிண்ணியா

அங்கே எந்த ஜன்னலிலும் மதம் கேட்க மாட்டார்கள். ஆனால் கோஷுயின் என்பது ‘வணங்கினேன்’ என்று எழுதித் தரும் சீட்டு. வணங்காதவர் அதை வாங்காமல் விடுவது தன் மார்க்கத்துக்கும் மரியாதை, அந்தக் கோயிலுக்கும் மரியாதை. மகனுக்கு வேறு வழி நிறைய உண்டு. ரயில் நிலைய முத்திரைகள் ஒரு ஆயுளுக்குப் போதும். கோட்டைகளில் கோஜோயின் என்று, பார்ப்பதற்குக் கோஷுயின் போலவே தாளில் எழுத்தும் முத்திரையுமாக, அநேகமாக 300 யென்னுக்குத் தருகிறார்கள். அதில் வழிபாடு எதுவுமில்லை. நூறு புகழ்பெற்ற கோட்டைகளுக்குத் தனி முத்திரைப் புத்தகமும் உண்டு. நகோயாவில் கோட்டை வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

தம்பியிடம் சொல்லி எனக்கும் அம்மாவுக்கும் ஒவ்வொன்று எடுப்பிக்கலாமா? இணையத்தில் விற்கிறார்களே, அதை வாங்கினால்? – தம்பலகாமம்

வர முடியாதவருக்காக இன்னொருவர் போய்க் கும்பிடும் வழக்கம் ஜப்பானில் பழையது, தைசான் என்பார்கள். ஆகவே அம்மாவின் கொப்பியைத் தம்பி கொண்டுபோய், அம்மாவின் பேரில் கும்பிட்டு வாங்குவது கேட்டு அனுமதி பெற்றால் சரி. ஆனால் பல இடங்களில் ஆளுக்கு ஒன்றுதான். ஐந்து கொப்பியை அடுக்கி வைத்தால், பின்னால் நிற்கும் நாற்பது பேரும் காத்திருக்க வேண்டும்.

இணையத்தில் வாங்காதீர்கள். விற்பனைதான் இந்தக் கட்டுப்பாடுகளுக்குக் காரணமே. ரெய்வா தொடங்கிய 2019 மே 1ஆம் திகதி தோக்கியோ மெய்ஜி ஜிங்கூவில் முத்திரைக்குப் பத்து மணித்தியாலம் வரை வரிசை நின்றது. அந்தத் திகதியிட்ட தாள்கள் உடனேயே இணையத்தில் ஏலத்துக்கு வந்தன. போகாத கோயிலின் ‘வணங்கினேன்’ உங்களுக்கு என்னத்துக்கு?

வீட்டில் துடக்கு. பயணத் திகதியை மாற்ற முடியாது. – அன்புவழிபுரம்

ஷிந்தோவிலும் மரணத் துடக்கு உண்டு. நெருங்கிய உறவினர் இறந்தால் வழக்கத்தில் 50 நாள் ஜிஞ்ஜாவுக்குப் போவதில்லை, தோரிக்குக் கீழால் நடப்பதுமில்லை. உங்கள் 31 முடிந்து அவர்களின் 50 முடியாமலிருந்தால், இந்தப் பயணத்தில் பௌத்த கோயில்களோடு நிற்கலாம். அங்கே இந்தத் தடை இல்லை. மாதவிலக்குப் பற்றி இரண்டிலும் இன்று யாரும் கேட்பதில்லை.

யசுகுனியிலும் முத்திரை தருகிறார்களாம். – சீனக்குடா

தருகிறார்கள். அது எந்த இடம் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். ஜப்பானின் போர்களில் இறந்தவர்களைத் தெய்வமாக வைத்த ஜிஞ்ஜா. 1978இல் ‘ஏ’ தரப் போர்க் குற்றவாளிகள் 14 பேரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட சீனக்குடாவிலிருந்து கேள்வி வந்திருப்பதால் இவ்வளவும் சொல்கிறோம். சீனர், கொரியர் நண்பர்களுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டும்போது அவர்கள் முகம் மாறினால் காரணம் இதுதான்.

ஓய்வு பெற்றுவிட்டேன். ஷிகொகு தீவின் 88 பௌத்த யாத்திரைக் கோயிலையும் சுற்ற ஆசை. – மூதூர்

சுற்று ஏறக்குறைய 1200 கிலோமீற்றர். நடந்தால் ஆறு வாரத்துக்கு மேல், வாகனத்தில் பத்து நாளளவில். 2024 ஏப்ரலிலிருந்து கொப்பியில் ஒரு கோயிலுக்கு 500 யென்; 88க்கும் 44,000. ஜன்னல் காலை 8 முதல் மாலை 5 வரை. அதுவே உங்கள் நாளின் நீளத்தைத் தீர்மானிக்கும்: நாலரைக்கு ஒரு கோயிலை விட்டுப் புறப்பட்டால் அடுத்ததில் கதவு பூட்டியிருக்கும். 88 பக்கமும் வரிசையாக அச்சிட்ட தனிக் கொப்பியை முதலாம் கோயிலிலேயே வாங்குங்கள். இரண்டாம் முறை சுற்றுகிறவர் அதே கொப்பியைக் கொண்டுபோவார்; புதிதாக எழுத மாட்டார்கள், பழைய பக்கத்திலேயே முத்திரையை மட்டும் மேலும் குத்துவார்கள். பல முறை சுற்றியவரின் பக்கம் முழுச் சிவப்பாக இருக்கும்.

இதே மாதிரி நம் ஐந்து ஈஸ்வரங்களுக்கும் ஒரு கொப்பி வைத்து, கோணேஸ்வரத்தில் தொடங்கினால் என்ன? – கடற்கரை வீதி

நல்ல எண்ணம், ஆனால் கோயில் கந்தோரில் போய் முத்திரை குத்தித் தரச் சொல்லாதீர்கள். அங்கிருப்பது நிருவாக முத்திரை. கடிதத்துக்கும் கணக்குக்கும் உரியது. வெற்றுத் தாளில் அதைக் குத்திக் கொடுக்க முடியாது, கேட்டவரையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். நமக்கு அர்ச்சனைச் சிட்டை இருக்கிறதே. கோணேஸ்வரம், திருக்கேதீஸ்வரம், முன்னேஸ்வரம், நகுலேஸ்வரம் நான்கிலும் அர்ச்சனை செய்து அந்தச் சிட்டையை ஒட்டி, பக்கத்தில் திகதியும் திதியும் நட்சத்திரமும் எழுதலாம். ஐந்தாவதான தொண்டேஸ்வரம் தெய்வேந்திரமுனையில் அழிந்துபோன கோயில். அதற்கொரு பக்கத்தை வெறுமையாக விடுங்கள். விபூதியையும் சந்தனத்தையும் தாளில் தடவ வேண்டாம், எண்ணெய்க் கை பட்டாலே பூச்சி வரும். சிட்டை கணினி இயந்திரத்தில் வெப்பத்தாளில் அடித்ததென்றால் சில வருடத்தில் எழுத்து மறைந்துவிடும். அன்றைக்கே இலக்கத்தையும் தொகையையும் பென்சிலால் கீழே எழுதி வையுங்கள்.